பெங்களூருவில் குறைந்த செலவில் சருமப் பராமரிப்பை எப்படித் தொடங்குவது?

சென்னையிலிருந்து பெங்களூரு வந்ததும் முகம் வறள்கிறது, அதிகம் செலவில்லாமல் என்ன வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். மென்மையான ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன், மூன்றே போதும். குளுகுளுவென்று இருக்கிறதே என்று சன்ஸ்கிரீனை விட்டுவிடாதீர்கள். ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். உயரம் கூடினால் புற ஊதாக் கதிரும் கூடும். எஸ்பிஎஃப் (வெயிலிலிருந்து காக்கும் அளவு) 30 உள்ளதை இரண்டு விரல் நீளத்துக்கு எடுங்கள்.

அல்சூரில் குடிவந்த புதிதில் நான் ஒரே வாரத்தில் நான்கு சீரம், அதாவது செறிவான சருமத் திரவங்கள், பூசினேன் (எல்லாம் தள்ளுபடி ஆசை!). நெற்றியெல்லாம் பொரிந்துவிட்டது, எதனால் என்றே தெரியவில்லை. அதனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான், அதுவும் சின்ன ட்யூப். முதலில் காதுக்குப் பின்னால் தடவிச் சில நாள் பாருங்கள். எரிச்சல் இல்லையா, சரி, முகத்துக்கு நான்கு வாரம் போடுங்கள். மேல்தோல் புதுப்பிக்க ஏறக்குறைய அவ்வளவு நாளாகும். அப்புறம் அடுத்ததை வாங்கலாம்.