வன்னியின் பாராளுமன்ற உறுப்பினர்: கேட்டவர்களுக்கு எழுதிய பதில்கள்

மாவட்டச் செயலகமொன்றில் பல ஆண்டுகள் கூட்டக் குறிப்பு எழுதி ஓய்வுபெற்றவன் நான். வன்னிப் பாராளுமன்ற உறுப்பினர்களின் பதவி, கடமை, வரலாறு பற்றிக் கேட்டவர்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (கிளிநொச்சி): ஐயா, நாங்களும் வன்னிதானே? எங்களுக்கு ஏன் வன்னி எம்.பி. இல்லை?

மண்ணால் நீங்கள் வன்னி. தேர்தல் கணக்கில் யாழ்ப்பாணம். நாட்டில் நிர்வாக மாவட்டங்கள் 25, தேர்தல் மாவட்டங்கள் 22. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்ததே வன்னித் தேர்தல் மாவட்டம். கிளிநொச்சி 1984இல்தான் யாழ்ப்பாணத்தில் இருந்து பிரிந்து தனி நிர்வாக மாவட்டமாயிற்று. தேர்தல் எல்லை மாறவில்லை. ஆகவே உங்கள் வாக்கு யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் எண்ணப்படுகிறது.

கேள்வி (செட்டிகுளம்): வன்னிக்கு உள்ள ஆறு எம்.பி.க்களும் எப்படித் தெரிவாகிறார்கள்?

மாவட்டத்தில் ஐந்து வீத வாக்கைத் தாண்டாத கட்சிகள் முதலில் விலக்கப்படும். அதிக வாக்குப் பெற்ற கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம் போக, மற்ற ஐந்தும் விகிதப்படி பங்கிடப்படும். கட்சிக்குள் யார் என்பதை, வேட்பாளரின் இலக்கத்துக்கு இடும் விருப்பு வாக்கு தீர்மானிக்கும். 2024இல் இந்த ஆறும் ஐந்து கட்சிகளுக்குப் பிரிந்தன: தேசிய மக்கள் சக்திக்கு இரண்டு, மற்ற நான்கு கட்சிகளுக்கு ஒவ்வொன்று. ஒன்றை மறக்க வேண்டாம்: கட்சிக்குப் புள்ளடி இடாமல் விருப்பு இலக்கத்துக்கு மட்டும் இட்டுவிட்டு வராதீர்கள், விருப்பு வாக்கு மூன்றுக்கு மேல் போகவும் கூடாது.

கேள்வி (நெடுங்கேணிப் பக்கம், ஓர் ஆசிரியை): என் பாட்டனார் 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்தை விட்டு இங்கே வந்து காடு வெட்டிக் குடியேறியவர். வவுனியாவின் முதல் எம்.பி. சுந்தரலிங்கத்தைப் பெருமையாகப் பேசுகிறார்கள். அவர் அமைச்சராக இருந்தபோதுதானே எங்கள் குடியுரிமை பறிபோனது?

பிள்ளை, இந்தக் கேள்விக்காகவே நான் இங்கே எழுத வந்தேன் என்று தோன்றுகிறது. செ. சுந்தரலிங்கம் கணிதப் பேராசிரியராக இருந்து, 1947இல் சுயேச்சையாக நின்று வவுனியாவில் வென்றவர். டி. எஸ். சேனநாயக்கவின் அமைச்சரவையில் வர்த்தக, வாணிப அமைச்சரானார். அதே தேர்தலில் மன்னாரில் வென்ற சி. சிற்றம்பலமும் அதே அமைச்சரவையில் சேர்ந்து தபால், தொலைத்தொடர்பு அமைச்சரானார். அதாவது, சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் வன்னியின் இரு தொகுதிகளும் இருந்தன. 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியபோது இருவரும் பதவியில்தான் இருந்தார்கள். அடுத்து, இந்திய, பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டமூலம் வந்தபோதே, 1948 டிசம்பரில், சுந்தரலிங்கம் அமைச்சரவையை விட்டு விலகினார், சிற்றம்பலம் விலகவில்லை. சுந்தரலிங்கம் விலகியது துணிவான செயல். ஆனால் முதற்சட்டம் ஏற்கெனவே நிறைவேறிவிட்டது. அந்தச் சட்டத்தால் நாடற்றவர்களானவர்களின் பிள்ளைகள்தான் பின்னாளில் வன்னியின் காட்டோரங்களில் வந்து குடியேறினார்கள். உங்கள் கேள்வி நியாயமானது.

கேள்வி (வவுனியா, ஒரு மூத்தவர்): அடங்காத் தமிழன் என்று ஊரே அழைத்த மனிதர் அவர். அமைச்சர் பதவியைத் தூக்கி எறிந்த வேறு எவரைக் காட்டுவீர்கள்? தனி நாடு என்று எவரும் வாய் திறக்க அஞ்சிய 1950களில் பேசியவரை இப்படிக் குறை சொல்லலாமா?

அண்ணை, தூக்கி எறிந்ததை நானே மேலே எழுதியிருக்கிறேன். அதைக் குறைக்கவில்லை, அதற்கு முன் நடந்ததையும் சேர்த்தே எழுதினேன். ஒருவருடைய பொதுவாழ்வை முழுவதும் எடுத்தால் 1968ஐயும் எடுக்க வேண்டும். மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழையக்கூடாது என்று வாசலில் நின்றவர்களுக்கு முன்னின்றவரும் இதே சுந்தரலிங்கம்தான். கொழும்புக்கு அடங்க மறுத்த ஒருவர் தன் மக்களில் ஒரு பகுதியினர் தன்னோடு சமமாக நிற்பதை மறுத்தார் என்பது எனக்கு இன்றும் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது.

கேள்வி (அதே மூத்தவர்): அது அந்தக் காலத்து வழக்கம்.

வாசலுக்கு வெளியே நின்றவர்களும் அந்தக் காலத்தவர்களே. அவர்கள் அதை வழக்கம் என்று ஏற்கவில்லை.

கேள்வி (ஆசிரியை மீண்டும்): அப்படியானால் அவரைப் பற்றி மாணவர்களுக்கு எப்படிச் சொல்வது?

ஆண்டுகளை வரிசையாகச் சொல்லுங்கள்: 1947, 1948, 1968. அவர் பேசியதற்குப் பாராளுமன்ற உரைகளின் அச்சுப் பதிவான ஹன்சாட்டைத் திறந்து காட்டுங்கள். எவரோ படத்தோடு எழுதிப் பரப்பும் மேற்கோளை வகுப்பறைக்குள் கொண்டு போகாதீர்கள். எம்.பி. எவராயினும் இதையே சொல்வேன்.

கேள்வி (பரந்தன்): எங்களுக்கு வன்னி எம்.பி. இல்லையா?

கிளிநொச்சிக்கு எழுதிய பதிலை வாசியுங்கள்.

கேள்வி (கனடா): இரட்டைக் குடியுரிமையோடு போட்டியிடலாமா?

முடியாது. அரசியலமைப்பின் 2022ஆம் ஆண்டு 21ஆம் திருத்தம் அந்தத் தடையை மீண்டும் கொண்டு வந்தது.

கேள்வி (மாங்குளம்): எம்.பி. சபைக்குப் போகாவிட்டால் என்ன நடக்கும்?

அனுமதி பெறாமல் தொடர்ந்து மூன்று மாதம் போகாவிட்டால் ஆசனம் போய்விடும். 1983இல் ஆறாம் திருத்தம் பிரிவினையைக் கைவிடும் சத்தியப்பிரமாணத்தைக் கேட்டபோது, தமிழர் விடுதலைக் கூட்டணியினர் அதை மறுத்துச் சபையைப் புறக்கணித்து ஆசனங்களை இழந்தார்கள். வவுனியாவின் சிவசிதம்பரம், முல்லைத்தீவின் செல்லத்தம்பு, மன்னாரின் சூசைதாசன் மூவரும் அதில் அடக்கம்.

கேள்வி (புதுக்குடியிருப்பு): 2001இல் எங்களை வாக்களிக்கவே விடவில்லையே?

உண்மை. அந்த டிசம்பர் 5ஆம் திகதி சோதனைச் சாவடிகளை இராணுவம் மூடியதால் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் இருந்தவர்கள் வாக்குச்சாவடிக்கு வர முடியவில்லை. அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் பின்னர் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தபோது, அவர்கள் வாக்கில்லாமல் தெரிவானவர்கள் சபையில் இருந்தார்கள்.

கேள்வி (ஒட்டுசுட்டான்): எவருக்கு வாக்களிக்கலாம், ஐயா?

அது உங்கள் முடிவு, தம்பி.

கேள்வி (கொக்கிளாய்ப் பக்கம்): எங்கள் காணிக்காக எம்.பி. உண்மையில் என்ன செய்ய முடியும்? கூட்டத்தில் பேசிவிட்டுப் போகிறார்கள்.

எம்.பி.யால் உத்தியோகத்தருக்குக் கட்டளை இட முடியாது, எம்.பி.க்கென ஒதுக்கப்படும் பன்முகப்படுத்தப்பட்ட நிதியில் ஒரு வீதிக்கோ வாசிகசாலைக்கோ ஒதுக்கலாம், அதிகாரிகளும் எம்.பி.க்களும் கூடும் ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் கேட்கலாம், சபையில் கேட்கலாம். இந்தக் கடைசி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் ஒருமுறை அருகில் இருந்து பார்த்தேன்.

கூட்டம் முடியும் நேரத்தில் ஓர் அம்மா சொப்பிங் பையைப் பிரித்துக் காணி அனுமதிப் பத்திரத்தை எடுத்தார். மடிப்பு மடிப்பாக வெடித்து, நடுவில் ஒட்டுநாடா போட்டிருந்தது. இடம்பெயர்ந்த இடமெல்லாம் அதைச் சுமந்து திரிந்திருக்கிறார். ஒரு திணைக்களத்தின் வரைபடத்திலோ அந்தக் காணி காடாக இருந்தது. அதிகாரி, "அடுத்த கூட்டத்தில் பார்ப்போம்" என்றார். நான் குறிப்பில் எழுதினேன். அடுத்த கூட்டத்திலும் அதே வசனத்தை எழுதினேன். மூன்றாம் கூட்டத்துக்கு வந்த உறுப்பினர் ஒருவர் அம்மாவின் அருகில் அமர்ந்து, பத்திரத்தின் இலக்கத்தைத் தன் கையேட்டில் எழுதிக்கொண்டு போய், வாய்மூல விடைக்கான வினாவாக அந்த இலக்கத்தோடு சபையில் கேட்டார். அமைச்சர் பதிலைச் சபாபீடத்தில் வைத்தார், அது ஹன்சாட்டில் அச்சாயிற்று.

உங்கள் உறுப்பினரிடம் காணிப் பிரச்சினை என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். பத்திர இலக்கம், வழங்கிய ஆண்டு, கிராம அலுவலர் பிரிவு மூன்றையும் எழுதிக் கொடுங்கள். பிரதியை நீங்கள் வைத்திருங்கள்.

கேள்வி (விசுவமடு): கிளிநொச்சி ஏன் யாழ்ப்பாணத்தோடு?

நீங்கள் இருப்பது முல்லைத்தீவு மாவட்டம், தம்பி. உங்கள் வாக்கு வன்னியில்தான். கிளிநொச்சி பற்றி இரண்டு முறை எழுதியாயிற்று. இனி எழுத மாட்டேன்.

கேள்வி (முல்லைத்தீவு, உயர்தர மாணவி): அந்த அம்மாவுக்குக் காணி கிடைத்ததா? கிடைக்காவிட்டால் ஹன்சாட்டில் அச்சாகி என்ன பயன்?

நான் ஓய்வுபெறும் வரை கிடைக்கவில்லை. ஆனால் சபையில் அந்த வினா கேட்கப்பட்டபின், நான் வேலையில் இருந்தபோதே வந்த ஒரு கூட்டத்தில் புதிதாகப் பதவியேற்ற அதிகாரி, "இப்படி ஒரு காணி பற்றி எங்களுக்குத் தெரியாது" என்று தொடங்கியபோது, அம்மா எழுந்து அதே சொப்பிங் பையைப் பிரித்தார். இம்முறை பத்திரத்தோடு ஹன்சாட் பக்கத்தின் நிழற்பிரதியும் இருந்தது. அதிகாரி இரண்டையும் வாங்கி இலக்கத்தை ஒப்பிட்டுப் பார்த்தார். "தெரியாது" என்று அவர் தொடங்கிய வசனத்தை நான் குறிப்பில் இருந்து வெட்டிவிட்டு, பத்திர இலக்கத்தையும் ஹன்சாட் திகதியையும் அந்த இடத்தில் எழுதினேன்.