சப்ரசர் வாங்கப் போகிறவர்களுக்கு: சுங்கை சிப்புட்டிலிருந்து கேள்வி பதில்

நம் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்த பிள்ளைகள் சிலர் இப்போது நியூசிலாந்தில் பால்பண்ணையிலும் ஆட்டுப்பண்ணையிலும் வேலை செய்கிறார்கள். அங்கே முயல், மான் வேட்டை பழகிவிட்டு, ரைபிளின் சத்தத்தைக் குறைக்கும் சப்ரசரில் எதை வாங்கலாம் என்று என்னிடம் கேட்கிறார்கள். தெற்குத் தீவில் துப்பாக்கிப் பட்டறை ஒன்றில் குழல்முனைக்கு மரை வெட்டி, சப்ரசர் பொருத்திக் கொடுப்பதுதான் பல வருடம் என் வேலை. இங்கே 12 போர் துப்பாக்கியோடு பன்றி சுடப் போகிற பெரியவர்களும் கேள்வி அனுப்பியிருக்கிறார்கள். எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன். வாங்குவது பற்றிச் சொல்வதெல்லாம் சப்ரசருக்குச் சட்டம் இடம் கொடுக்கும் நாட்டில், லைசன்ஸ் வைத்திருப்பவர்களுக்கு மட்டும். மலேசியா அந்தக் கணக்கில் சேராது. அதற்குத் தனியாகப் பதில் இருக்கிறது.

சவுத்லாந்து பால்பண்ணையிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, .308 ரைபிளுக்கு (குண்டின் விட்டம் 0.308 அங்குலம்) இருப்பதிலேயே சத்தம் குறைந்த சப்ரசர் எது? ஒரு பெட்டியில் 32 டெசிபல் குறையும் என்று போட்டிருக்கிறான், இன்னொன்றில் 28. 32-ஐ எடுத்துவிடவா?

அவசரப்படாதே தம்பி. மைக்கை எங்கே வைத்து அளந்தார்கள், என்ன தோட்டா, குழல் எத்தனை அங்குலம் என்று தெரியாமல் அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. அமெரிக்க ராணுவ முறைப்படி அளந்தால் மைக் குழல்முனைக்கு இடப்பக்கம் ஒரு மீட்டர் தள்ளி இருக்கும். உன் காது இருப்பது அங்கே இல்லையே. சுடுகிறவன் காதருகே அளந்த எண்ணையும் வெளியிடுகிற கம்பெனி என்றால் நான் ஒரு படி அதிகம் நம்புவேன்.

இன்னொன்றையும் கேள். சராசரி போட்டிருக்கிறானா, முதல் குண்டின் அளவைத் தனியாகச் சொல்லியிருக்கிறானா? சப்ரசருக்குள் சுடுவதற்கு முன் வெறும் காற்றுதான் இருக்கும். அந்தக் காற்றின் ஆக்சிஜனில் எரியாமல் மிச்சமிருக்கும் வெடிமருந்து சட்டென்று பற்றிக்கொள்ளும். அதனால் முதல் குண்டு மற்றவற்றைவிடச் சத்தமாக இருக்கும். அடுத்தடுத்து ஐந்து சுட்டுச் சராசரி எடுத்தால் இது மறைந்துபோகும். மான் வேட்டையில் நீ சுடப்போவதே அந்த முதல் குண்டுதான்.

இப்போது கணக்கைப் பார். சப்ரசர் இல்லாத .308 குழல்முனையில் 165 முதல் 170 டெசிபல் வரை எழுப்பும். நல்ல சப்ரசர் அதில் 25, 30 குறைத்து 140-க்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தும். திடீர் சத்தத்திலிருந்து காதைக் காக்க அந்த 140 முக்கியமான கோடு. நம் நாட்டில் 2019-ல் வந்த வேலையிட இரைச்சல் விதிகளிலும் உச்ச வரம்பு 140தான். டெசிபலில் 3 கூடினாலே ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்கு, 10 கூடினால் பத்து மடங்கு. ஆகவே 138-க்கும் 142-க்கும் நடுவில் உள்ள நான்கை அற்பமாக நினைக்காதே. கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறாய் என்பதே அதில்தான் இருக்கிறது.

சத்தத்தைக் குறைப்பது உள்ளே இருக்கும் இடமும் தடுப்புத் தட்டுகளின் அமைப்பும்தான். குண்டுக்குப் பின்னால் பாய்ந்து வரும் சூடான வாயு ஒவ்வொரு தட்டிலும் முட்டி, சுழன்று, ஆறி, மெதுவாக வெளியேற வேண்டும். மோட்டார்சைக்கிள் புகைக்குழாய் செய்கிற அதே வேலை. 1909-ல் இதற்குக் காப்புரிமை வாங்கிய ஹிராம் பெர்சி மாக்சிம் என்ற அமெரிக்கர் இஞ்சின் புகைக்குழாய்க்கும் இதே வழியைத்தான் கையாண்டார். எனவே கைக்கு அடக்கமான குட்டிச் சப்ரசர், அதே நேரம் மிகவும் அமைதியானது என்று யாராவது விற்றால் நம்பாதே. வாயு விரிய இடம் வேண்டும்.

உனக்கு என் யோசனை: .308-க்கென்றே செய்த, நடுத்தர நீளமுள்ள, 400 கிராமைத் தாண்டாத ஒன்றை எடு. குழல் 16 அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் வாயு அதிக அழுத்தத்தோடு வெளியே வரும், எந்தச் சப்ரசரும் திணறும். 18, 20 அங்குலம் நல்லது.

அதே பண்ணையில் அவருடைய கூட்டாளி: சினிமாவில் காட்டுவது போல 'புஸ்' என்று மட்டும் கேட்குமா?

கேட்காது. சப்ரசர் அடக்குவது குழல்முனை வெடிப்பை மட்டும்தான். ஒலி காற்றில் வினாடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் ஓடும். .308 குண்டு 800 மீட்டருக்கு மேல். ஒலியை முந்திப் போகிற குண்டு வழி நெடுகச் சாட்டை அடித்த மாதிரி ஒரு வெடிப்பைக் கிளப்பிக்கொண்டே போகும். குழல்முனையைத் தாண்டிய பிறகு நடப்பது அது. சப்ரசரால் அதை ஒன்றும் செய்ய முடியாது.

ஓட்டாகோவில் ஆட்டுப்பண்ணைத் தம்பி: அப்படியென்றால் ஒலியைவிட மெதுவாகப் போகும் சப்சோனிக் தோட்டாவைப் போட்டு மான் சுடலாமே?

மானுக்கு வேண்டாம் தம்பி. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். சாதாரண .308 தோட்டா ஏறத்தாழ 3,500 ஜூல் ஆற்றலோடு போகிறது. சப்சோனிக் என்றால் 13 கிராம் குண்டு, வினாடிக்கு 320 மீட்டர் வேகம், கணக்குப் போட்டால் 700 ஜூல்கூட வராது. சாதாரண வேட்டைக் குண்டு அந்த வேகத்தில் விரியவும் செய்யாது, ஊசி மாதிரி துளைத்துக்கொண்டு போய்விடும். காயம்பட்ட மான் புதருக்குள் ஓடி இரவெல்லாம் கிடந்து சாகும். நம் காதுக்குச் சுகம் தேடி ஒரு உயிரை அப்படி வதைக்கக் கூடாது.

முயலுக்கு .22 ரைபிள், சப்சோனிக் தோட்டா, ஒரு சப்ரசர். இந்த மூன்றும் சேர்ந்தால் உண்மையிலேயே அமைதிதான். காதில் கேட்பது துப்பாக்கியின் ஊசி முட்டுகிற 'டிக்' மட்டும் என்று தோன்றும். ஒரு விஷயத்தை மட்டும் மறக்காதே. ஒலியின் வேகம் குளிரில் குறையும். நம் ஊர் 30 டிகிரி வெயிலில் வினாடிக்கு 349 மீட்டர், ஓட்டாகோ குளிர்காலத்தில் 0 டிகிரிக்கு இறங்கினால் 331. கோடைக்காலத்தில் சத்தமில்லாமல் போன அதே தோட்டா, அங்கே குளிர்காலமான ஜூலை இரவில், ஒலியை முந்தி வெடிப்புச் சத்தம் கிளப்பலாம். தோட்டாப் பெட்டியில் 320-க்குப் பக்கத்தில் வேகம் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கு.

கேன்டர்பரியிலிருந்து: குழலுக்கு முன்னால் நீளும் வகையா, குழலைச் சுற்றிப் பின்னால் வரும் வகையா?

புதருக்குள் நடக்கிறவர் என்றால் பின்னால் வரும் வகை. முன்னால் நீளும் சப்ரசர் 15 முதல் 20 சென்டிமீட்டர் கூட்டிவிடும், கொடியிலும் கிளையிலும் மாட்டும். பின்னால் வரும் வகையில் வாயு விரியும் இடத்தில் ஒரு பங்கு குழலைச் சுற்றியே இருப்பதால் முன்னால் நீள்வது குறைவு. ஆனால் உங்கள் குழல் எவ்வளவு தடிமன், குறிமுள் தடுக்கிறதா என்று அளந்த பிறகே பணம் கட்டுங்கள். திறந்த மலையில் தூரத்துக்குச் சுடுகிறவர்களுக்கு முன்னால் நீளும் வகையே போதும்.

வைகாட்டோவிலிருந்து ஒரு தங்கை: என் ரைபிளில் மரை இல்லை. வெட்டக் கொடுக்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

நல்ல கேள்வி தங்கச்சி. சப்ரசரில் கெட்டுப்போகிற விஷயங்களில் பெரும்பங்கு இங்கேதான் தொடங்குகிறது.

மரை குழலின் வெளிப்புறத்தை வைத்து அல்ல, உள்துளையின் மையத்தை வைத்து வெட்டப்பட வேண்டும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. துளை சற்று ஒருபக்கம் ஒதுங்கிய குழல்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மரைக்குப் பின்னால் வரும் தோள் சரியாக 90 பாகையில் தட்டையாக நிற்க வேண்டும். சப்ரசர் போய் உட்காருவது மரையில் இல்லை, அந்தத் தோளில்தான். அங்கே ஒரு சிறு பிசிறு, ஒரு கரித்தூள் இருந்தாலும் சப்ரசர் சாயும். மயிரிழை சாய்வுகூட 20 சென்டிமீட்டர் தள்ளி குண்டு தட்டில் உரசப் போதும். உரசினால் சப்ரசர் பிளக்கும், குண்டு எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

வேலை முடிந்து கையில் வாங்கும்போது சோதனைக் கம்பி போட்டுக் காட்டச் சொல். துப்பாக்கி காலி என்று இரண்டு தடவை பார்த்து, போல்ட்டைக் கழற்றி, குழலின் அளவுக்கே இழைத்த நேரான கம்பியை உள்ளே விடுவார்கள். சப்ரசரின் முன்துளை வழியாக எட்டிப் பார்த்தால் கம்பியைச் சுற்றி ஒரே அகலத்தில் வட்டமாக இடைவெளி தெரிய வேண்டும். ஒருபக்கம் பிறை மாதிரி ஒடுங்கித் தெரிந்தால் அந்தத் துப்பாக்கியில் ஒரு குண்டும் சுடாதே, திருப்பிக் கொடு.

மரை அளவு: .22-க்குப் பெரும்பாலும் அரை அங்குலம், அங்குலத்துக்கு 20 அல்லது 28 மரை. .308-க்கு எட்டில் ஐந்து அங்குலம், 24 மரை. ஐரோப்பிய ரைபிள்களில் 14, 15, 18 மில்லிமீட்டர், மரைக்கு மரை இடைவெளி 1 மில்லிமீட்டர். கிட்டத்தட்டப் பொருந்துகிறது என்று மாறு அளவைத் திருகிவிடாதே.

மாட்டிய பிறகு குறியைப் புதிதாகச் சரிபார். முனையில் எடை கூடினால் குண்டு விழும் இடம் மாறும். அது கோளாறு இல்லை, ஒவ்வொரு தடவையும் அதே அளவு மாறுகிறதா என்பதுதான் முக்கியம்.

இன்னொரு தம்பி: .243-ம் .308-ம் இருக்கிறது. ஒரே சப்ரசர் போதுமா?

போதும். .308 அளவுள்ளதை வாங்கி இரண்டிலும் மாட்டு, .243-ல் சத்தம் சற்றுக் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். தலைகீழாக ஒருபோதும் செய்யாதே. .243 சப்ரசர் வழியாக .308 குண்டு போனால் கை, முகம் எதுவும் மிஞ்சாது. இரண்டு ரைபிளையும் ஒரே அலமாரியில் வைத்தால் சப்ரசர் மேலேயே அளவைப் பெரிதாக எழுதி வை.

நம் ஊர், செம்பனைத் தோட்டத்திலிருந்து ஒரு பெரியவர்: மகன் தீபாவளிக்கு வரும்போது பெட்டியில் ஒன்று போட்டுக்கொண்டு வரச் சொல்லட்டுமா? என் 12 போருக்கு ஆகுமா?

வேண்டவே வேண்டாம் ஐயா. நியூசிலாந்தில் சப்ரசருக்கென்று தனி அனுமதி கிடையாது, கடையில் வாங்கலாம். அதை வைத்து இங்கே கணக்குப் போடாதீர்கள். நம் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் சத்தத்தைக் குறைக்கும் துணைக்கருவியையும் ஆயுதமாகவே பார்க்கிறது. விமான நிலையத்தில் பிடிபட்டால் மகன் சிறைக்குப் போவான், உங்கள் துப்பாக்கி லைசன்ஸும் போகும். குழாய், எண்ணெய் வடிகட்டி என்று எதையாவது வைத்து வீட்டிலேயே செய்து தருகிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

உங்களுக்குத் தேவை காதுக்கான பாதுகாப்பு. 12 போரும் 150 டெசிபலைத் தாண்டும். நுரைப்பஞ்சுக் காது அடைப்பான் ஒரு ஜோடி சில வெள்ளிதான். அதை நன்றாகத் திரித்து, காதின் மேல்நுனியைப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு ஆழமாக வையுங்கள், விரிந்து அடைக்கும் வரை விரலை எடுக்காதீர்கள். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் போடாததற்குச் சமம். பன்றி வரும் சத்தம் கேட்காதே என்றால் எலக்ட்ரானிக் காதுமூடி இருக்கிறது. சருகு சரசரப்பைப் பெருக்கிக் கொடுக்கும், வெடியை அடக்கும்.

பெயர் வேண்டாம் என்று எழுதிய ஒருவர்: தோட்டத்துக் காவலாளிக்குக் கேட்காமல் இரவில் சுட வழி இருக்கிறதா?

அதற்கு என்னிடம் பதில் கிடையாது, யாரிடமும் கேட்காதீர்கள். விடியுமுன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டப் போகிற அக்காமார் இருக்கிற தோட்டம் இது. வெடிச்சத்தம் கேட்டால்தான் எந்தப் பக்கம் வேட்டை நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். காட்டோரம் என்றால் இன்னொன்றும் இருக்கிறது. தீபகற்பக் காட்டில் மலாயாப் புலி 150-க்கும் குறைவு. அதன் இரை பன்றியும் சாம்பார் மானும்தான். வனவிலங்குத் துறையான பெர்ஹிலிட்டானில் லைசன்ஸ் எடுத்து, முறையாக, பகலில் சுடுங்கள்.

ஓய்வுபெற்ற மண்டோர் ஒருவர்: முப்பது வருடமாகப் பன்றி சுட்டேன். இரவில் காதுக்குள் வண்டு ரீங்காரம். இப்போது காதை மூடிப் பயன் உண்டா?

உண்டு ஐயா. போனது திரும்பாது, மிச்சமிருப்பதைக் காப்பாற்றலாம். ஈப்போவுக்குப் போய்க் கேட்புச் சோதனை எடுங்கள். சோதனை வரைபடத்தில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கோடு பள்ளமாக இறங்கியிருந்தால் வெடிச்சத்தம் செய்த வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம். பேரப்பிள்ளைகள் பேசுவது காதில் விழுகிறது, வார்த்தை பிடிபடவில்லை என்றால் காரணம் இந்தப் பள்ளம்தான். வலக்கைக்காரர் என்றால் இடக்காது கூடுதலாகக் கெட்டிருக்கும், குழல்முனைக்குப் பக்கம் அதுதான்.

டெக்சாஸில் மருமகன் இருக்கும் ஓர் அக்கா: அங்கே சப்ரசருக்கு வரி உண்டாமே?

1934-லிருந்து 200 டாலர் இருந்தது அக்கா. 2026 ஜனவரி 1 முதல் அது பூஜ்யம். கைரேகை, புகைப்படம், பதிவு எல்லாம் அப்படியே தொடர்கிறது. பதிவு கைக்கு வருமுன் வாங்கிக்கொண்டு போகக் கூடாது என்று சொல்லிவையுங்கள்.

சவுத்லாந்துத் தம்பி மறுபடியும்: எப்படிப் பராமரிப்பது?

வேட்டை முடிந்து வண்டியில் ஏறுமுன் கழற்றிவிடு. உள்ளே ஈரமும் கரியும் சேர்ந்து கசடாகும், துப்பாக்கியை நிமிர்த்தி வைத்தால் அது குழலுக்குள் வடியும். குழல்முனை துருப்பிடித்தால் குறி கெடும். அலுமினியம் லேசானது, மெதுவாகச் சுடுகிறவனுக்குப் போதும், ஆனால் சூட்டுக்கும் ஈரத்துக்கும் டைட்டானியமும் எஃகும்தான் தாங்கும். சுட்டவுடன் வெறுங்கையால் தொடாதே.

வைகாட்டோத் தங்கை: முயல் வேட்டைக்கு நாயைக் கூட்டிப் போகிறேன். அதற்கும் நல்லதா?

ரொம்ப நல்லது. நாய்க்கு அடைப்பான் மாட்ட முடியாது, அதன் காது நம் காதைவிடக் கூர்மை. சப்ரசர் வாங்க எனக்கு இதுவே போதுமான காரணம். ஆனாலும் நாய் உனக்குப் பின்னால் இருக்கட்டும். குழல்முனைக்கு முன்னாலோ பக்கவாட்டிலோ நின்றால் சப்ரசர் இருந்தும் அதன் காதில் சத்தம் கூடுதலாக விழும். சுடுமுன் உட்கார வைத்துப் பழக்கு.