முதல் கப்பலே விக்டரி வேண்டாம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: போன மாதம்தான் பணி ஓய்வு பெற்றேன். ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி நெல்சனின் விக்டரி கப்பலை மரத்தில் மாடலாகச் செய்துவிட வேண்டும் என்று கல்லூரிக் காலத்திலிருந்தே ஆசை. லண்டனில் இருக்கும் மகன் கிட் வாங்கி அனுப்புகிறேன் என்கிறான். 1:72 அளவில் வாங்கலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: மகனைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள் சார். 1765-ல் கடலில் இறக்கிய அந்தக் கப்பலுக்கு மூன்று பீரங்கித் தளங்கள், மூன்று பாய்மரங்கள், டிரஃபால்கர் சண்டைக்குப் போனபோது 104 பீரங்கிகள். 1:72-ல், அதாவது அசலில் 72-ல் ஒரு பங்காகச் செய்தால் முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் கொம்பு மரத்தோடு சேர்த்து கிட்டத்தட்ட 1.4 மீட்டர் நீளம் வரும், உயரமும் ஒரு மீட்டரைத் தொடப் பார்க்கும். எங்கே வைப்பது என்று வீட்டில் கேட்டீர்களா?

நானும் விக்டரியில்தான் ஆரம்பித்தேன். ஆர்வக்கோளாறில் இடது பக்கப் பலகைகளை முழுக்க ஒட்டி முடித்துவிட்டு வலது பக்கம் போகலாம் என்று திருப்பிப் பார்த்தால், அடிமரம் வாழைப்பழம் மாதிரி வளைந்திருக்கிறது. ஒரு பக்கத்துப் பசை காயக் காய அந்தப் பக்கமே இழுத்துவிட்டது. எட்டு வருஷம் பரணில் கிடந்து, கடைசியில் பொங்கலுக்கு அடுப்பெரிந்தது.

முதலில் ஒரு டோரி செய்யுங்கள். வட அட்லாண்டிக்கில் காட் மீன் பிடிக்கப் போனவர்களின் தட்டை அடிப் படகு அது. தாய்க்கப்பலின் தளத்தில் டம்ளர் அடுக்குவதுபோல ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி எடுத்துப் போவார்கள். சில பலகைகள்தான், கயிற்று வேலை கிடையாது, ஒரு மாதத்தில் கை பழகிவிடும். அப்புறம் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் 1921-ல் கடலில் இறங்கிய ப்ளூநோஸ், அந்த நாட்டுப் பத்து சென்ட் நாணயத்தில் இருக்குமே, அது. இரண்டு பாய்மரம், அழகான உடம்பு. அதையும் முடித்த பிறகு விக்டரியைப் பற்றி மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: அணியத்தில், அதாவது கப்பலின் முன்பக்கத்தில் வளைக்கும்போது பலகை ஒடிந்துகொண்டே இருக்கிறது. எவ்வளவு நேரம் ஊறப்போட வேண்டும்?
– வாசகர், கோவை

பதில்: 1.5 மில்லிமீட்டர் லைம் மரம் என்றால் சுடுநீரில் அரை மணி நேரம் தாராளம். ஆனால் உங்கள் சிக்கல் தண்ணீரில் இல்லை, பலகையின் அகலத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். கப்பலின் வயிற்றுச் சுற்றளவு பெரியது, மூக்குப் பக்கம் சின்னது, ஆனால் இரண்டு இடத்திலும் ஓடுவது அதே எண்ணிக்கைப் பலகைகள், அப்படியானால் முன்னால் போகப் போக ஒவ்வொன்றும் இளைத்துத்தானே ஆகவேண்டும்? இளைக்காமல் அமுக்கினால் பலகை விளிம்பில் எழும்பும், இல்லாவிட்டால் ஒடியும்.

ஒரு காகிதப் பட்டையை, விலா எலும்பு மாதிரி நிற்கும் ஒவ்வொரு சட்டத்தின் மேலும் சுற்றி நீளத்தைக் குறித்து, பலகை எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். அந்த இடத்தில் பலகைக்கு என்ன அகலம் என்று வந்துவிடும். 5 மி.மீ. பலகையை 2.5-க்குக் கீழே சீவாதீர்கள், ஆணி நிற்காது. அங்கே இரண்டு பலகையை முடித்து ஒன்றாக்கிவிடுங்கள். முன்பக்கச் சட்டங்களின் விளிம்பைப் பலகை படுகிற கோணத்துக்குத் தேய்த்தீர்களா என்றும் பாருங்கள், பாதிப் பேர் அதை மறந்துவிடுகிறோம்.

இன்னொன்று, ஈரத்தோடு ஒட்டக்கூடாது. வளைத்து, துணி கிளிப் போட்டு, ராத்திரி முழுக்கக் காயவிட்டுக் காலையில் பசை வையுங்கள். ஈர மரம் காய்ந்தால் சுருங்கும், பலகைக்கும் பலகைக்கும் நடுவில் வெளிச்சம் தெரியும். வலது ஒன்று, இடது ஒன்று என்று மாற்றி மாற்றி ஒட்டுங்கள். ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: அளவுகள் ஏன் 48, 64, 96 என்று விநோதமாக இருக்கின்றன? 50, 100 என்று வைத்தால் என்ன?
– மாணவி, சேலம்

பதில்: அடி–அங்குலக் கணக்கு அம்மா. ஓர் அடியைக் கால் அங்குலமாக்கினால் 48, அரைக்கால் அங்குலமாக்கினால் 96, பதினாறில் மூன்று அங்குலம் என்றால் 64.

கேள்வி: என் கணவர் மூன்று மாதமாக ராத்திரி ஒரு மணி வரை கப்பல் மாடலின் பாய்மர நூலேணிக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறார். இது எப்போதாவது முடியுமா?
– வாசகி, மதுரை

பதில்: முடியும், ஆனால் அவரைக் குறை சொல்ல முடியாது. எட்டுக் கயிறு, இருபத்தைந்து படி என்று வைத்துக்கொண்டாலே 200 முடிச்சு, அதுவும் ஒரு மரத்தின் ஒரு பக்கத்துக்கு மட்டும். 1:96-ல் படிக்குப் படி 4 மி.மீ.தான் இடைவெளி. அவரிடம் ஒன்று சொல்லுங்கள்: பருத்தி நூல் வேண்டாம், பாலியஸ்டர் போதும். நம் ஊர் ஈரக்காற்றில் பருத்தி நூல் மழைக்கு இறுகி வெயிலுக்குத் தொய்யும். நெப்போலியன் காலத்தில் இங்கிலாந்தின் நார்மன் கிராஸ் முகாமில் அடைபட்டிருந்த பிரெஞ்சுக் கைதிகள், சாப்பிட்டுப் போட்ட எலும்பைச் சீவிக் கப்பல் செய்து விற்றார்கள், கயிற்றுக்குத் தலைமுடியைக்கூடப் பயன்படுத்தினார்கள். உங்கள் பின்னலில் இதுவரை கை வைக்கவில்லை அல்லவா?

கேள்வி: எல்லாம் வெள்ளைக்காரன் கப்பலாகவே இருக்கிறதே, நம் தோணியைச் செய்ய முடியாதா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: தாராளமாக. கிட் தேடி நாளை வீணாக்காதீர்கள், தோணி கட்டும் இடத்துக்கு ஒரு டேப்போடு போய் மேஸ்திரியிடம் அனுமதி கேளுங்கள். பெரும்பாலும் அவர் கண்ணும் கைக்கணக்கும்தான் வரைபடம். ஏரா என்கிற அடிமரத்தின் நீளம், நடு அகலம், ஆழம், வங்கு என்கிற விலாச் சட்டங்களுக்கு நடுவே இடைவெளி, இந்த நான்கும் கிடைத்தால் வேலை ஆரம்பிக்கலாம். நேர் பக்கவாட்டிலும் நேர் எதிரிலும் தூரத்தில் நின்று படம் எடுங்கள், கிட்டத்தில் எடுத்தால் வளைவு பொய் சொல்லும். பருமல் (பாய் கட்டும் குறுக்கு மரம்), ஆஞ்சான் (பாயை ஏற்றும் கயிறு), பாய் வெட்டு எல்லாம் பாயோட்டிய காலத்துப் பெரியவர்களிடம்தான் கேட்க வேண்டும், இப்போது எல்லாம் எஞ்சின். இலங்கையின் வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற இரட்டைப் பாய்மரக் கப்பல் 1938-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இருக்கிற குளோஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது, அதையும் யாராவது செய்யலாம். நூறு அடித் தோணி 1:64-ல் 48 செ.மீ.கூட வராது, டிவி ஸ்டாண்டில் அடங்கிவிடும்.