உடலசைவால் ஆடும் வீடியோ விளையாட்டைப் பற்றி விக்கிப்பீடியாவில் நான் சேர்த்த பத்தியை ஏன் நீக்கினார்கள்? எப்படி எழுதினால் அது நிற்கும்?

கேள்வியின் விவரக் குறிப்பில் நீங்கள் தந்திருப்பதை வைத்துப் பதில் எழுதுகிறேன். நின்டெண்டோ நிறுவனத்தின் ‘வீ’ என்ற விளையாட்டுக் கருவியில் ஆடும் ‘வீ ஸ்போர்ட்ஸ்’ பற்றி ஆங்கில விக்கிப்பீடியாவில் உள்ள கட்டுரையில் ஒரு பத்தி சேர்த்திருக்கிறீர்கள். கையில் பிடிக்கும் ரிமோட் ஆட்டக்காரரின் கையசைவை அப்படியே திரையில் காட்டுகிறது, டென்னிஸ் ஆடினால் உடல் எடை குறையும், உலகில் மிக அதிகமாக விற்ற விளையாட்டு இதுவே என்ற மூன்று செய்திகள் அதில் இருந்தன. மேற்கோள் எதுவும் தரவில்லை. பல ஆண்டுகள் ஆடிய அனுபவமே ஆதாரம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு நாளுக்குள் பத்தி முழுவதும் நீக்கப்பட்டுவிட்டது.

நான் நெடுங்காலமாக அங்கே வீடியோ விளையாட்டுக் கட்டுரைகளைத் தொகுத்து வருகிறேன். உங்கள் ஆர்வத்தை நான் மிகவும் மதிக்கிறேன்; அந்த விளையாட்டை இவ்வளவு நேசித்து ஆடிய ஒருவர் எழுத வருவது கட்டுரைக்கு நல்லதுதான். ஆனால் உடலசைவால் ஆடும் விளையாட்டுகளில், வேறெந்த வகை விளையாட்டிலும் இல்லாத ஒரு சிக்கல் உண்டு. ஆடும்போது உடல் உணர்வது ஒன்று, கருவி அளப்பது வேறொன்று. இரண்டையும் பிரித்தறிந்து எழுதினால்தான் கட்டுரை சரியாக அமையும். பொத்தானை அழுத்தி ஆடும் விளையாட்டில் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. இங்கேயோ நாம் தோளிலிருந்து கையை வீசுகிறோம், அதே நொடியில் திரையில் இருக்கும் பாத்திரமும் மட்டையை வீசுகிறது. நம் கை அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது என்று மனம் உறுதியாக நம்பிவிடுகிறது.

உண்மையில் நடப்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் பத்தியில் முதலில் திருத்த வேண்டியது இதுதான். 2006 நவம்பர் 19 அன்று வட அமெரிக்காவில் வீ கருவியோடு சேர்ந்து இந்த விளையாட்டு வெளிவந்தபோது, வீ ரிமோட்டுக்குள் அசைவை உணர இரண்டு உறுப்புகளே இருந்தன. ஒன்று மூன்று அச்சுகளில் முடுக்கத்தை அளக்கும் முடுக்கமானி. மற்றொன்று முன்முனையில் இருக்கும் அகச்சிவப்புக் கேமரா. ரிமோட் அசையாமல் இருக்கும்போது புவியீர்ப்பு எந்தத் திசையில் இழுக்கிறது என்பதை வைத்து அதன் சாய்வை முடுக்கமானி சொல்லிவிடும். வேகமாக வீசும்போது புவியீர்ப்பும் கையின் விசையும் ஒரே அளவீட்டில் கலந்துவிடுவதால், ரிமோட் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை அதைக் கொண்டு நம்பகமாகக் கணிக்க முடியாது. தொலைக்காட்சிக்கு மேலோ கீழோ வைக்கும் நீண்ட பட்டை எதையும் உணர்வதில்லை. அதன் இரு முனைகளிலும் அகச்சிவப்பு விளக்குகள் மட்டுமே இருக்கின்றன. அவற்றைப் பார்ப்பது ரிமோட்டின் கேமராதான். பட்டைக்குப் பதிலாக இரண்டு மெழுகுவர்த்திகளை ஏற்றி வைத்தாலும் திரையில் சுட்டி நகரும் என்பதை ஆர்வலர்கள் பலர் செய்தே காட்டியிருக்கிறார்கள். ஆனால் பந்தை அடிக்கக் கையை வீசும் கணத்தில் ரிமோட்டின் முனை திரையை நோக்கியே இருப்பதில்லை. அப்போது கேமராவால் பயனில்லை.

ஆகவே டென்னிஸில் பாத்திரம் களத்தில் ஓடுவதை விளையாட்டே பார்த்துக்கொள்கிறது. நம்மிடம் கேட்பது எப்போது வீசினோம், எப்படி வீசினோம் என்பதுதான். சற்று முந்தி வீசினால் பந்து ஒரு பக்கமும், பிந்தி வீசினால் மறுபக்கமும் போகிறது. சோபாவில் சாய்ந்தபடி மணிக்கட்டை லேசாகச் சொடுக்கினாலும் அடி விழும். பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங்கில் ரிமோட்டின் அடிப்புறப் பொத்தானை அழுத்திப் பிடித்துக் கையைப் பின்னால் கொண்டுபோய், முன்னால் வீசும்போது பொத்தானை விட்டால் பந்து உருளும். குத்துச்சண்டைக்கு மட்டும் மற்றொரு கைக்கு நன்சக் என்ற துணைக்கருவி வேண்டும். அதற்குள்ளும் ஒரு முடுக்கமானி இருக்கிறது. இவ்வளவு குறைந்த தகவலிலிருந்து ‘என் கைதான் அடித்தது’ என்ற உணர்வை ஆட்டக்காரருக்குக் கொடுத்தது அந்த விளையாட்டை வடிவமைத்தவர்களின் பெரும் திறமை. கட்டுரையில் இடம்பெற வேண்டிய செய்தி அதுதான்; அசைவு அப்படியே நகலாகிறது என்று எழுதினால் அந்தத் திறமையையே மறைத்துவிடுகிறோம்.

ஆனால் நான் மேலே எழுதியதை அப்படியே கட்டுரையில் ஒட்டினாலும் நீக்கிவிடுவார்கள், நீக்குவதும் சரிதான். முடுக்கமானியைத் தயாரித்த நிறுவனத்தின் தொழில்நுட்பக் குறிப்பு ஒன்று, விளையாட்டின் கையேடு ஒன்று என இரண்டையும் அருகருகே வைத்து, ‘ஆகவே டென்னிஸ் விளையாட்டுக்குக் கையின் இடம் தெரியாது’ என்று நாமே முடிவுக்கு வந்தால், அந்த முடிவு எந்த மூலத்திலும் இல்லை. வெளியான மூலம் இல்லாமல் நாமே எழுதுவதை அங்கே ‘சொந்த ஆய்வு’ என்பார்கள்; தரவுகளை இணைத்துப் புதுக் கருத்தை உருவாக்குவதும் அப்படியே கருதப்படும். முடிவு உண்மையாக இருந்தாலும் விதி மாறாது. நம்பகமான வெளியீடு ஒன்று அந்த முடிவையே எழுதியிருக்க வேண்டும். நாம் அதைச் சுருக்கிச் சொல்லலாம், அவ்வளவுதான்.

உங்கள் வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்: ‘ரிமோட் ஆட்டக்காரரின் கையசைவை அப்படியே திரையில் காட்டுகிறது.’ இதை நான் இப்படி மாற்றுவேன்: ‘ஆட்டக்காரர் வீ ரிமோட்டை மட்டைபோல் வீசும்போது திரையிலுள்ள பாத்திரம் பந்தை அடிக்கிறது, பாத்திரம் களத்தில் நகர்வதை விளையாட்டே கட்டுப்படுத்துகிறது.’ இதற்கு விளையாட்டோடு வந்த கையேடோ, அக்காலத்தில் வெளிவந்த ஒரு விமர்சனமோ போதுமான மேற்கோள். மணிக்கட்டுச் சொடுக்கைப் பற்றியும் சொல்ல விரும்பினால், அதைக் குறிப்பிட்ட விமர்சகரையும் இதழையும் பெயர் சொல்லி, அவருடைய கருத்தாகவே எழுதுங்கள். இரண்டும் ஒரே பத்தியில் இருக்கலாம், ஆனால் ஒரே வாக்கியத்தில் வேண்டாம். எந்த மேற்கோள் எதைத் தாங்குகிறது என்று படிப்பவருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும்.

உங்களுக்கு அந்த நகல் உணர்வு வந்ததற்கு மற்றொரு காரணமும் இருக்கக்கூடும். சுழற்சியை அளக்கும் ஜைராஸ்கோப் கொண்ட, ரிமோட்டில் பொருத்தும் மோஷன்பிளஸ் என்ற இணைப்பு 2009இல் ‘வீ ஸ்போர்ட்ஸ் ரிசார்ட்’ விளையாட்டோடு வந்தது. அதில் வாளைத் திருப்பினால் திரையிலும் வாள் திரும்புவது ஏறக்குறைய நேரடியாகவே நிகழ்கிறது. 2006இல் வந்த முதல் விளையாட்டு அந்த இணைப்பைப் பயன்படுத்துவதில்லை. 2013இல் வீ யூ கருவிக்கு வந்த ‘வீ ஸ்போர்ட்ஸ் கிளப்’, 2022இல் வந்த ‘நின்டெண்டோ ஸ்விட்ச் ஸ்போர்ட்ஸ்’ ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டுரைகள் உள்ளன. நினைவில் இவை எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடுவது இயல்பு. அதனால்தான் நினைவிலிருந்து எழுதாமல் மூலத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதச் சொல்கிறார்கள்.

உடல் எடை பற்றிய வரிக்கு வருகிறேன். உடல்நலம் பற்றிய கூற்றுகளுக்கு அங்கே மிகக் கடுமையான அளவுகோல் உண்டு; செய்தித்தாளும் தனியொரு சோதனையும் போதாது, பல ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்ட கட்டுரைகளையே எதிர்பார்ப்பார்கள். லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தினர் நடத்திய ஓர் ஆய்வு 2007 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. 13 முதல் 15 வயது வரையிலான 11 பேரை பௌலிங், டென்னிஸ், குத்துச்சண்டை ஆடவைத்து, அவர்கள் செலவிட்ட ஆற்றலை அளந்தார்கள். உட்கார்ந்து ஆடும் விளையாட்டைவிட இதில் ஆற்றல் கூடுதலாகச் செலவானது. ஆனால் அந்த விளையாட்டுகளை நேரில் ஆடும்போது செலவாவதைவிடக் குறைவாகவே இருந்தது. பல செய்திகள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டன. இந்த ஆய்வைக் குறிப்பிட்டால் இரண்டு பாதிகளையும், பங்கேற்றவர்களின் சிறிய எண்ணிக்கையையும் சேர்த்தே எழுதுங்கள். எடை குறையும் என்று அதில் இல்லை. எதிர்த்திசையிலும் இதே கவனம் வேண்டும். அதே ஆண்டு நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு மருத்துவர், தாம் பல மணி நேரம் இந்த டென்னிஸை ஆடியதால் தோள்பட்டைத் தசைநாரில் வலி வந்ததைக் கடிதமாக எழுதினார். அது ஒரே ஒருவரின் அனுபவம். அதை வைத்து ‘இந்த விளையாட்டு தோளைக் கெடுக்கும்’ என்று பொதுவாக எழுதிவிடக் கூடாது.

முதியோர் இல்லங்களில் பௌலிங் ஆடினார்கள் என்பதற்கு நல்ல நாளிதழ்ச் செய்திகள் ஏராளமாக இருக்கின்றன. உடல்நலக் கூற்றாக இல்லாமல், விளையாட்டு யாரையெல்லாம் சென்றடைந்தது என்ற சமூகச் செய்தியாக எழுதினால் அது நிற்கும். என் பார்வையில் எடை பற்றிய வரியைவிட அதுவே கட்டுரைக்கு அதிகம் தேவையான செய்தி. 2023இல் அமெரிக்காவின் ஸ்ட்ராங் அருங்காட்சியகம் உலக வீடியோ விளையாட்டுப் புகழ்மன்றத்தில் இந்த விளையாட்டைச் சேர்த்ததையும் அதன் அருகில் வைக்கலாம்.

விற்பனை பற்றிய வாக்கியம் எளிது. சுமார் 8 கோடியே 29 லட்சம் பிரதிகள் என்பது சரியான எண். ஆனால் மைன்கிராஃப்ட் 30 கோடியைத் தாண்டிவிட்டது. ஆகவே ‘உலகிலேயே அதிகம்’ என்று எழுத முடியாது. ஒரே ஒரு கருவிக்கென்று வந்தவற்றுள் மிக அதிகமாக விற்றவற்றில் ஒன்று என்று எழுதலாம். அதோடு, ஜப்பான் போன்ற இடங்களைத் தவிரப் பெரும்பாலான நாடுகளில் இது கருவியோடு சேர்த்தே கொடுக்கப்பட்டது என்பதையும் அதே இடத்தில் சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டால் எண் சரியாக இருந்தும் வாசகர் தவறாகவே புரிந்துகொள்வார்.

மூலங்களைப் பற்றி ஒரு வார்த்தை. விளையாட்டு உருவான விதத்துக்கு நின்டெண்டோவே வெளியிட்ட நேர்காணல்களைப் பயன்படுத்தலாம். விளையாட்டு சிறந்தது என்பதற்கு அவற்றைப் பயன்படுத்தக் கூடாது. ஆட்டக்காரர்களின் யூடியூப் காணொளிகளும் ரசிகர்கள் தொகுத்த விக்கிகளும் ஏற்கப்படுவதில்லை. அதிகப் புள்ளிகள் எடுக்கும் உத்திகளுக்கும் கலைக்களஞ்சியத்தில் இடமில்லை. எந்தத் தளங்கள் நம்பகமானவை என்பதற்கு வீடியோ விளையாட்டுத் தொகுப்பாளர்கள் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். எழுதுவதற்கு முன் அதைப் பாருங்கள். அக்காலத்தில் விமர்சனங்கள் வெளியிட்டு வந்த ஒன்அப், கேம்ஸ்பை ஆகிய தளங்கள் 2013இல் மூடப்பட்டுவிட்டன. ஆகவே 2006ஆம் ஆண்டுக் கட்டுரையை மேற்கோள் காட்டும்போது இணையக் காப்பகத்தில் சேமிக்கப்பட்ட பிரதியின் இணைப்பையும் கூடவே கொடுங்கள். அச்சு இதழாக இருந்தால் இதழின் மாதத்தையும் பக்க எண்ணையும் கொடுங்கள்.

நீக்கப்பட்ட பத்தியை மறுபடியும் அப்படியே போடாதீர்கள். 24 மணி நேரத்துக்குள் ஒரே பக்கத்தில் மூன்று முறைக்கு மேல் பிறரின் மாற்றத்தை நீக்கி மீளமைத்தால் கணக்கையே தடைசெய்துவிடக்கூடும். கட்டுரையின் வரலாற்றைத் திறந்து, நீக்கியவர் தொகுப்புச் சுருக்கத்தில் என்ன காரணம் எழுதியிருக்கிறார் என்று முதலில் படியுங்கள். பிறகு கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் டென்னிஸ் பற்றிய திருத்திய வாக்கியத்தையும் அதற்கான மேற்கோளையும் வைத்து, இதைச் சேர்க்கலாமா என்று கேளுங்கள். சில நாட்களில் எதிர்ப்பு வராவிட்டால் அந்த வாக்கியத்தை மட்டும் கட்டுரையில் சேருங்கள். விற்பனை பற்றிய வாக்கியத்தைத் தனித் தொகுப்பாகவும், ஆய்வு பற்றியதை மற்றொரு தொகுப்பாகவும் பின்னர் சேருங்கள். மூன்றையும் ஒரே மூச்சில் சேமித்தால், ஒன்றில் குறை கண்டவரும் மூன்றையும் சேர்த்தே நீக்கிவிடுவார். தனித்தனியாகச் சேமித்தால் குறையுள்ளது மட்டும் போகும், மற்றவை கட்டுரையில் இருக்கும்.