சுண்ணாம்பு தடவிய கலயம்

மதிப்பிற்குரிய ஐயா,

என் மகள் ஜார்ஜியா நாட்டில் மருத்துவம் படிக்கிறாள். சென்ற புரட்டாசியில் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். ககேத்தி என்ற பகுதியில் ஒரு குடும்பத்தின் திராட்சைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனாள். தாத்தாவிலிருந்து பேரப்பிள்ளைகள் வரை எல்லாரும் பழம் பறிக்கிறார்கள். மண்ணுக்குள் வாய்வரை புதைத்த பெரிய தாழிகளில் சாற்றைத் தோலோடும் கொட்டையோடும் ஊற்றி நுரைக்க விடுகிறார்கள். செடிக்கு ரசாயன உரம் கிடையாது, சாற்றில் ஈஸ்ட் வாங்கிப் போடுவதும் கிடையாது. நாங்கள் ஒன்றும் செய்வதில்லை, அது தானாக ஒயின் ஆகிறது என்று அந்தப் பெரியவர் சொன்னதாக மகள் சொன்னாள். எனக்குப் பனையேறியான என் தாத்தாவின் ஞாபகம் வந்துவிட்டது. அவரும் எதையும் கலக்கவில்லை. அங்கே அந்தத் தொழிலுக்கு மரியாதை, இங்கே கள் இறக்கினால் வழக்கு. ஏன் இப்படி? நம் கடற்கரையிலும் அப்படி ஒரு தோட்டம் போட முடியாதா?

எஸ்.,
பரமக்குடி

அன்புள்ள எஸ்.,

தோட்டத்தைப் பற்றிய கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். முடியாது என்றுதான் நினைக்கிறேன். ககேத்தியில் திராட்சைக் கொடி குளிர்காலத்தில் இலையெல்லாம் கொட்டி உறங்கும். வருடத்துக்கு ஒரே மகசூல். நம் தட்பவெப்பத்தில் கொடிக்கு உறக்கமே இல்லை. கம்பம் பள்ளத்தாக்கில் கவாத்து செய்து செய்து வருடம் முழுக்கப் பன்னீர் திராட்சை எடுக்கிறார்கள். அங்கே ஆற்றுப் பாசனமும் மலைக்காற்றும் உண்டு. நமக்கு இருப்பது உவர்த் தண்ணீரும் தேரி மணலும்.

ஆனால் ஒயின் இந்தக் கரைக்குப் புதிதல்ல. வைகை கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் அழகன்குளத்தைத் தோண்டியபோது, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து ஒயினும் எண்ணெயும் ஏற்றி வந்த ஆம்போரா ஜாடிகளின் ஓடுகள் கிடைத்தன. யவனர், அதாவது கிரேக்க ரோமானியர், கொண்டுவந்த தேறல் என்ற மதுவைப் பாண்டியன் நன்மாறன் குடித்ததை நக்கீரர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். அரசன் குடித்தது கப்பலில் வந்தது. இங்கே ஜனங்கள் குடித்தது மரத்திலிருந்து இறங்கியது.

இனி அந்தப் பெரியவர் சொன்ன 'ஒன்றும் செய்வதில்லை'. அவர் அதை அடக்கத்தில் சொல்லியிருக்கிறார். அந்தத் தாழிக்கு அங்கே குவெவ்ரி என்று பெயர். அதில் ஒயின் செய்யும் முறையை 2013-இல் யுனெஸ்கோ மரபுச் செல்வமாகப் பட்டியலில் சேர்த்தது. உள்பக்கம் தேன்மெழுகு பூசுவார்கள். சாறு ஊற்றுவதற்கு முன் செர்ரி மரப்பட்டையில் செய்த துடைப்பத்தால் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார்கள். நுரைக்கத் தொடங்கியதும் மேலே மிதந்து வரும் தோலை ஒரு நாளைக்குப் பல தடவை கோல் விட்டு அமுக்க வேண்டும். ஒரு நாள் அசந்தால் மேலே வினிகர் வாடை வந்துவிடும். எதையும் சேர்க்காதவன்தான் அதிகம் கவனிக்க வேண்டியிருக்கிறது.

பெரிய ஆலைகள் அந்தக் கவனத்துக்குப் பதிலாகக் கிருமியை அடக்கும் கந்தகத்தை வைத்திருக்கின்றன. ஐரோப்பிய விதிப்படி இனிப்பில்லாத சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 150 மில்லிகிராம் வரை சல்பைட் என்ற கந்தகச் சேர்மம் இருக்கலாம். ஆர்கானிக் என்று சீட்டு ஒட்டினால் 100. ஆக ஆர்கானிக் வேறு, நீங்கள் பார்த்தது வேறு. ஆர்கானிக் என்றால் தோட்டத்தில் செயற்கை உரமும் செயற்கைப் பூச்சிமருந்தும் இல்லை. நீங்கள் பார்த்த இடத்தில் தாழியிலும் ஏதும் சேர்க்கவில்லை, அல்லது மிக மிகக் கொஞ்சம் சேர்த்திருப்பார்கள்.

உங்கள் தாத்தா செய்தது இதைவிடக் கடினமான வேலை. திராட்சைச் சாறு பிறக்கும்போதே புளிப்பு. அந்தப் புளிப்பே பாதிக் கிருமிகளை அண்ட விடாது. ஈஸ்ட் மட்டும் சாவகாசமாக வேலை செய்யும். பனஞ்சாற்றில் அந்தக் காவல் கிடையாது. இனிப்பு நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு இருக்கும், புளிப்பு சுத்தமாக இல்லை. பாளையிலிருந்து சொட்டும்போதே ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் ஒன்றாக விழுந்து பந்தி போட்டுவிடும். சில மணி நேரத்தில் கள். மறுநாள் காடி. தாழியில் ஆறு மாதம் மூடிவைக்கிற பேச்சுக்கே இடமில்லை.

அதனால் நம் ஆட்கள் தேர்ந்த வித்தை வேறு. அவர்கள் கற்றது நிறுத்தும் வித்தை. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் சாறு புளிக்காமல் பதநீராக நிற்கும். ஒயின்காரருக்குக் கந்தகம், நமக்குச் சுண்ணாம்பு. எவ்வளவு போடுவது, எப்போது நிறுத்துவது என்ற கேள்வி இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

சாயல்குடிப் பக்கம் ஒரு குடும்பத்தோடு சென்ற பங்குனியில் இரண்டு நாள் இருந்தேன். அண்ணன் விடியுமுன்னே மரம் ஏறுகிறார். இடுப்பில் அரிவாள் பெட்டி, காலில் தளைநார். பாளையின் நுனியைக் காகிதத் தடிமனுக்கு ஒரு சீவு. கூடச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும், குறைத்தால் கண் அடைத்துக்கொள்ளும். கீழே அக்கா கலயங்களைக் கழுவிக் கவிழ்த்துக் காயவைக்கிறார். சுண்ணாம்பைக் குச்சியில் தொட்டு உள்ளே ஒரு சுற்றுச் சுற்றினார். நானும் வாங்கி ஒன்றுக்குத் தடவினேன். எட்டிப் பார்த்து, கருப்பட்டி கரித்துப்போகும் தம்பி என்று பாதியை வழித்துப் போட்டுவிட்டார். குறைந்தால் பதநீர் புளித்து, எவ்வளவு காய்ச்சினாலும் கட்டியே சேராதாம். அவரிடம் அளவுகோல் எதுவும் இல்லை. முந்தின நாள் பதநீரின் ருசிதான் அளவு. வெயில் கூடினால் இன்னும் ஒரு சுற்று. கருப்பட்டி காய்ச்சும் குடிசையான விடிலிக்குள் பாகு பொங்கி வழிய வந்தபோது, இடித்த ஆமணக்கு முத்தை ஒரு சிட்டிகை போட்டார். நுரை அப்படியே அடங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

இப்போது உங்கள் முதல் கேள்வி. தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை. அதே மரம், அதே சீவு, அதே கலயம். உள்ளே சுண்ணாம்பு இருந்தால் தொழில், இல்லாவிட்டால் குற்றம். ஆலைச் சாராயத்தை அரசே 2003-லிருந்து கடை வைத்து விற்கிறது. இதில் எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

கள் போதையில்லை என்று வாதாடுபவர்களோடும் நான் சேரமாட்டேன். ஒயினும் போதை, கள்ளும் போதை. என் பெரியப்பா குடித்தே போனவர். பெரியம்மா அந்த ஐந்து பிள்ளைகளை எப்படி வளர்த்தார் என்று பார்த்தவன் நான். கள்ளில் போதைக்கு மருந்து கலந்து விற்றதும் பொய்யில்லை. ஆனால் பெரும்பாலும் அது மரத்துக்கும் குடிப்பவனுக்கும் நடுவே குத்தகைக்காரரும் கடையும் வந்தபிறகு நடந்தது. ஏறுகிறவரே தன் மரத்தடியில் அன்று இறக்கியதை அன்றே, அளவோடு விற்க வழி செய்தால் கலப்படத்துக்கு இடம் குறையும். ககேத்திக் குடும்பத்துக்குக் கிடைக்கும் மரியாதையும் அப்படி வந்ததுதான். செய்தவர் முகம் வாங்குபவருக்குத் தெரிகிறது.

சரி, அது எப்போது நடக்குமோ. இந்தப் பக்கத்துப் பனைகளைச் செங்கல் சூளைக்கு வெட்டி ஏற்றிய லாரிகளை எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அறிவித்தார்கள். ஆனால் ஏற ஆள் வேண்டுமே. அந்த அண்ணனின் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான்.

மகள் அடுத்த விடுமுறைக்கு ஆனி மாதத்துக்குள் வந்தால் அழைத்து வாருங்கள். ஆடியில் பாளை வற்றத் தொடங்கிவிடும். காலை ஆறு மணிக்கெல்லாம் பனங்காட்டில் இருக்க வேண்டும். ஒன்பது மணிக்கு வந்தால் பதநீர் எல்லாம் அடுப்பில் ஏறியிருக்கும், கருப்பட்டிதான் கிடைக்கும். குடிக்கப் பனையோலைப் பட்டை அங்கேயே மடித்துக் கொடுப்பார்கள். வீட்டுக்கு வேண்டுமென்றால் ஒரு தூக்குவாளி கொண்டுவாருங்கள், பிளாஸ்டிக் பாட்டிலில் அக்கா ஊற்றமாட்டார்.