ஒரு முழுக்குப் போட்டால் எதைப் போடுகிறோம்?

கேள்வி: மாலையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கில டியூஷன் எடுக்கிறேன். 'டேக் எ பாத்' என்றால் எதை எடுக்கிறோம்? 'ஹேவ் எ லுக்' என்றால் கையில் என்ன இருக்கிறது? குளிக்க 'பேத்', பார்க்க 'லுக்' என்று தனி வினைகள் இருக்கும்போது, பொருளே இல்லாத இந்த டேக், ஹேவ், மேக் எல்லாம் எதற்கு? பிள்ளைகள் இப்படி எழுதினால் சிவப்பு மையால் அடித்துத் திருத்த முயற்சி மேற்கொண்டு வருகிறேன். சரிதானே?
(வாசகர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்)

பதில்: சரியில்லை ஐயா. நல்ல ஆங்கிலத்தின் மேல் சிவப்பு மையால் கோடு போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். உடனே நிறுத்துங்கள்.

மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடலில் ஒரு முழுக்குப் போடுகிறோமே, எதைப் போடுகிறோம்? பசி எடுக்கிறது, பிள்ளை அடம் பிடிக்கிறது, அம்மா பெருமூச்சு விடுகிறாள். நீங்களும் டியூஷன் 'எடுக்கிறீர்கள்'. இங்கெல்லாம் பொருள் முன்னால் நிற்கும் பெயரில் இருக்கிறது. யார், எப்போது என்பதைப் பின்னால் வரும் வினை சொல்கிறது. போன், ரீசார்ஜ், அப்ளை என்று எந்த ஊர்ச் சொல் வந்து இறங்கினாலும் 'பண்ணு' அதைத் தமிழ் வாக்கியத்தில் சேர்த்துவிடுகிறது. இத்தனை வேலை செய்யும் வினையை வெறும் சொல் என்று எப்படித் தள்ளுவது?

ஆங்கிலத்தில் இவற்றுக்கு 'லைட் வெர்ப்' என்று பெயர். டென்மார்க்கைச் சேர்ந்த ஓட்டோ யெஸ்பர்சன் தம்முடைய பெரிய ஆங்கில இலக்கணத்தின் 6-ஆம் தொகுதியில், 1942-ல், இந்தப் பெயரைச் சொன்னார். அவர் சொன்னது கனம் குறைந்த வினை என்றுதான். பொருளே இல்லாத வினை என்று நீங்கள் ஒரு படி கூடப் போய்விட்டீர்கள்.

'ஷி லுக்ட்' என்றால் பார்த்தாள், அவ்வளவுதான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. 'ஷி ஹேட் எ லுக்' என்றால் ஒரு தடவை, கொஞ்ச நேரம், தானாக விரும்பிப் பார்த்தாள். "கடைப்பக்கம் ஒரு எட்டுப் பார்த்துட்டு வர்றேன்" என்று நம் வீட்டில் சொல்கிறோமே, அந்த 'ஒரு எட்டு' இதற்குள் இருக்கிறது. இன்னொரு வசதி, பெயராக ஆகிவிட்டதால் முன்னால் அடைமொழி வைக்கலாம். 'ஷி கேவ் மீ எ டர்ட்டி லுக்' என்பதை 'லுக்' என்ற வினையை மட்டும் வைத்து எழுதிக்காட்டுங்கள் பார்ப்போம். முடியாது.

வினைகளுக்குள்ளும் சாயல் வேறுபாடு உண்டு. கிவ் வந்தால் செயல் பெரும்பாலும் இன்னொருவர்மேல், இன்னொன்றின்மேல் போய்ச் சேரும்: கதவுக்கு ஒரு 'புஷ்'. மேக் வந்தால் பெரும்பாலும் ஏதோ ஒன்று புதிதாக உண்டாகும்: ப்ராமிஸ், ஸ்பீச், மிஸ்டேக். ஆனால் எல்லாவற்றுக்கும் காரணம் தேடாதீர்கள். 'ஹேவ் எ ட்ரிங்க்' உண்டு, 'ஹேவ் அன் ஈட்' கிடையாது. பிரிட்டனில் 'ஹேவ் எ பாத்', அமெரிக்காவில் பெரும்பாலும் 'டேக் எ பாத்'. பக்கத்துப் புதுச்சேரியில் பிரெஞ்சு படிக்கும் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். அங்கே உலாவுவதற்குச் 'செய்' என்ற வினை, முடிவுக்கு 'எடு' என்ற வினை. இதெல்லாம் ஒவ்வொரு மொழியின் பழக்கம்.

பிள்ளைகள் தடுமாறுவதும் இந்தப் பழக்கத்தில்தான். தப்பு பண்ணினேன் என்ற நினைப்பில் 'ஐ டிட் எ மிஸ்டேக்' என்று எழுதுவார்கள். கையெழுத்துப் போட்டேன் என்பது 'ஐ புட் எ சைன்' ஆகும். பொய் சொன்னால் 'செட் எ லை'. அங்கே மேக், வெறும் சைன், டெல் என்று திருத்துங்கள். உங்கள் சிவப்பு மைக்கு வேலை அங்கே இருக்கிறது.

கோபப்பட வேண்டிய இடமும் ஒன்று உண்டு. உங்கள் கடிதத்திலேயே 'முயற்சி மேற்கொண்டு வருகிறேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். 'முயல்கிறேன்' என்றால் என்ன குறைந்துவிடும்? இந்த 'மேற்கொள்' நம் செய்தித்தாளையும் அலுவலகக் கடிதத்தையும் நிறைத்துவிட்டது. பயணம் மேற்கொண்டார், ஆய்வு மேற்கொண்டார். முழுக்குப் போடுவதில் கிடைக்கும் எந்தச் சாயலும் இதில் இல்லை, நீளம்தான் கூடுகிறது. அதைவிட மோசம் 'ஆய்வு மேற்கொள்ளப்பட்டு நடவடிக்கை எடுக்கப்படும்'. யார் ஆய்வு செய்வார், யார் நடவடிக்கை எடுப்பார்? தெருவிளக்கு எரியவில்லை என்று மனுக் கொடுத்தவருக்கு அந்தப் பதிலில் ஓர் ஆள்கூடக் கிடைப்பதில்லை. இங்கே கேள்வி கேளுங்கள், நானும் கூட வருகிறேன்.

டியூஷனுக்கு ஒரு யோசனை. பெயரையும் வினையையும் ஜோடியாகவே எழுதிப் போடுங்கள். அகராதி பார்க்கும்போது பெயர்ச்சொல்லின் கீழ் தேடச் சொல்லுங்கள். 'டிசிஷன்' என்ற இடத்துக்குப் போனால் மேக்கும் டேக்கும் அங்கேயே இருக்கும். 'மேக்' என்ற இடத்தில் தேடினால் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியிருக்கும்.