குளிர்காலத்தில் ஆளில்லாத கடற்கரைக்குப் போய்ப் பார்க்க என்ன இருக்கிறது?

விடுமுறை குளிர்காலத்தில்தான் கிடைக்கிறது, கடலில் இறங்கிக் குளிக்க முடியாது, அப்படியிருக்க ஊரை விட்டுத் தள்ளியிருக்கும் ஒரு கடற்கரைக்குப் போவது வீண் அலைச்சலா என்பது கேள்வி. நான் பத்துப் பன்னிரண்டு வருடங்களாகக் குளிர்காலத்தில் மட்டும் கடற்கரைக்குப் போகிற ஆள். அதனால் என் பதில் கொஞ்சம் ஒருதலைப்பட்சமாகவே இருக்கும். தாராளமாகப் போங்கள். ஆனால் எந்த நேரத்தில் போகிறீர்கள் என்பதை மட்டும் கடலைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

முதல் தடவை நான் செய்த தப்பு அதுதான். வெயில் ஏறட்டும் என்று பதினொரு மணிக்குப் போய் நின்றேன். கடல் நன்றாக ஏறியிருந்த நேரம். தண்ணீர் மணல்மேட்டை முட்டிக்கொண்டு கிடந்தது. நான்கு காக்கைகளைத் தவிர ஓர் உயிரைக் காணோம். இதற்கா இவ்வளவு தூரம் என்று திரும்பிவிட்டேன். அப்புறம்தான் கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று சொல்லும் ஓத அட்டவணை என்று ஒன்று இருப்பதே தெரிந்தது. பெரும்பாலான கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். இன்று காலை ஆறு மணிக்கு வற்றினால் நாளை ஏழு மணிக்குச் சற்று முன்னால் வற்றும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் கூடுதலாக ஏறும், கூடுதலாக உள்வாங்கும். அப்படி உள்வாங்கிய ஈர மணலிலும் சேற்றிலும்தான் பறவைகளின் தீனி இருக்கிறது. வற்றம் நள்ளிரவு இரண்டு மணிக்கு என்றால் அவை இரண்டு மணிக்கும் மேயும். நமக்கு அவ்வளவு வேண்டாம், விடியற்காலை வற்றமாகப் பார்த்துப் போனால் போதும்.

போனதும் முதலில் அலை விளிம்பைப் பாருங்கள். உள்ளான் கூட்டத்தைச் சேர்ந்த சேண்டர்லிங் என்ற சின்னப் பறவை அங்கே இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆர்க்டிக்கின் வெற்றுத் தரையில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்க உலகத்தின் பெரும்பாலான மணற்கரைகளுக்கு வந்துவிடும். எடை சுமார் 50, 60 கிராம்தான். வெளிறிய சாம்பல் முதுகு, வெள்ளை வயிறு, கறுப்புக் கால். அலை பின்வாங்கும்போது அதன் பின்னாலேயே ஓடி, மணலில் நான்கைந்து முறை மூக்கைக் குத்தி எடுத்து, அடுத்த அலை வந்ததும் அதற்கு ஒரு சாண் முன்னால் திரும்பி ஓடிவரும். கால் அசைவது கண்ணுக்கே பிடிபடாது. சாவி கொடுத்த பொம்மை மாதிரி இருக்கும். அவை போன பிறகு குனிந்து தடத்தைப் பாருங்கள். முன்விரல் மூன்றின் கோடு மட்டும் இருக்கும். உள்ளான்களில் பெரும்பாலானவற்றுக்கு இருக்கும் சிறிய பின்விரல் இதற்குக் கிடையாது.

சேறு படிந்த கழிமுகமாக இருந்தால் கூட்டமே வேறு. அங்கே அலகின் நீளத்தைப் பார்த்தாலே யாருக்கு எந்த ஆழத்தில் இரை என்று சொல்லிவிடலாம். குட்டை அலகுள்ள உப்புக்கொத்தி நான்கு அடி ஓடி, நின்று, பார்த்து, மேலே தெரிவதைக் கொத்தும். மூக்கன் நேரான நீண்ட அலகை முகம் வரைக்கும் சேற்றில் செருகும். கோட்டான் (ஆந்தை இல்லை, கர்லூ என்ற கரைப்பறவை) தன் வளைந்த அலகை நண்டு வளைக்குள் விட்டுத் துழாவும். இவற்றில் பலவற்றுக்கு அலகு நுனியில் தொடுவுணர்ச்சி நிறைந்திருக்கும். அலகின் மற்ற பகுதி மூடியிருக்க, நுனியை மட்டும் திறந்து புழுவைப் பிடிக்க முடியும். அதனால் சேற்றுக்குள் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

மூக்கன் என்றதும் ஒன்று சொல்லாமல் விட மனம் வரவில்லை. 2022 அக்டோபரில், அந்த ஆண்டு பிறந்த ஒரு பட்டைவால் மூக்கன் அலாஸ்காவிலிருந்து கிளம்பி, எங்கும் இறங்காமல் 11 நாள் பறந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் போய் இறங்கியது. 13,560 கிலோமீட்டர். உடலில் பொருத்தியிருந்த கருவி வழியாகச் செயற்கைக்கோள் அதைத் தொடர்ந்தபடி இருந்தது. இந்த மாதிரிப் பயணத்துக்கு முன்னால் அவை கொழுப்பை ஏற்றிக்கொண்டு, குடல், இரைப்பை போன்ற உறுப்புகளைச் சுருக்கிக்கொள்ளும். பறக்கும்போது சாப்பாடு இல்லை, அந்த எடை எதற்கு? குளிர்காலக் கரையில் மும்முரமாக மேயும் பறவை, வந்த செலவை ஈடுகட்டிக்கொண்டு திரும்பும் பயணத்துக்கும் சேர்த்து வைக்கிறது.

இது தெரியாமல் நான் ஒரு முறை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஏற்ற நேரத்தில் மேய இடமில்லாமல் பறவைகள் எல்லாம் ஒரு மணல்திட்டில் ஒண்டி நிற்கும். ஒற்றைக் காலில், அலகை முதுகு இறகுக்குள் செருகி, அத்தனையும் காற்று வரும் திசையையே பார்த்து நிற்கும். (காற்றுக்கு முதுகைக் காட்டினால் இறகு கலைந்து குளிர் உள்ளே புகுந்துவிடும்.) நல்ல படம் கிடைக்கும் என்று நான் நெருங்கிப் போனேன். ஒன்று கிளம்ப, முழுத் திட்டுமே எழுந்துவிட்டது. ஆயிரக்கணக்கில் இருக்கும். ஒரு பக்கம் சாயும்போது வெள்ளையாக மின்னியது, மறுபக்கம் சாயும்போது கறுத்தது. அழகுதான், மறுக்கவில்லை. பறவைக் கணக்கெடுப்புக்கு வந்திருந்த ஒரு பெரியவர் தூரத்திலிருந்து நடந்து வந்து, “தூங்குற பிள்ளைய எழுப்பிவிட்டுட்டு சிரிக்கிறது அழகுன்னு படம் பிடிக்கிறீங்களா தம்பி?” என்றார். அதன் பிறகு திட்டிலிருந்து நூறு நூற்றைம்பது மீட்டர் தள்ளியே நின்றுகொள்கிறேன். அங்கேயும் பறவைகள் தலையைத் தூக்க ஆரம்பித்தால், இன்னும் பின்னால் போய்விடுவேன்.

வானிலைக்கு வருகிறேன். கடல் மெதுவாகச் சூடேறி மெதுவாகக் குளிரும் என்பதால், குளிர்கால இரவில் கரையோரம் உள்நாட்டை விடக் கொஞ்சம் இதமாக இருக்கும். நிலம் அதற்குள் குளிர்ந்துவிடுவதால், வானம் தெளிந்து பெருங்காற்று ஏதும் வீசாத நாட்களில், விடியும் முன் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். எழும் அலையின் முகத்தை அது தாங்கிப் பிடிக்கும். உச்சியிலிருந்து நீர்த்தூவல் பின்பக்கமாகப் பறக்கும். கடும் குளிர் பிரதேசங்களில் கடல்நீரை விடக் காற்று மிகவும் குளிர்ந்துபோனால் நீர்ப்பரப்பிலிருந்து ஆவி புகைபோல எழும். வெயில் நாள் முழுக்கச் சாய்வாகவே விழுவதால் மணலில் ஒவ்வொரு நெளிவுக்கும் ஒரு நிழல் இருக்கும். தெளிவான அடிவானத்தில் சூரியன் மறையும் கடைசி நொடியில் பச்சைக் கீற்று ஒன்று தெரிவதுண்டு. இத்தனை வருடத்தில் நான் பார்த்தது ஒரே முறை. பக்கத்தில் நின்றவர் அப்போது செருப்பில் மணலைத் தட்டிக்கொண்டிருந்தார்.

புயலோ பெரிய அலையோ அடித்து ஓய்ந்த மறுநாளை விட்டுவிடாதீர்கள். பெரிய அலைகள் மணலை அரித்துக்கொண்டு போய்க் கரைக்குச் சற்று வெளியே நீருக்கடியில் திட்டாகப் போட்டு வைக்கும். கரை செங்குத்தாக வெட்டியது போல ஓர் ஆள் உயரத்துக்குக்கூட நிற்கும். கடல் அமைதியான மாதங்களில் சின்ன அலைகள் அந்த மணலில் பெரும்பகுதியைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். கரையில் உருளும் நுரையைப் பார்த்து ஏதோ ஆலைக் கழிவு என்று பலர் பயப்படுவார்கள். செத்த கடற்பாசியிலிருந்து கரைந்த புரதமும் கொழுப்பும் அலையில் அடிபட்டுப் பொங்குவதுதான் பெரும்பாலும் அது. இருந்தாலும் முகத்தில் அப்பி விளையாட வேண்டாம். அலை ஒதுக்கிய பாசி வரிசையை ஒரு குச்சியால் மெல்லப் புரட்டிப் பார்த்தால் தத்துப்பூச்சி போலத் துள்ளும் சின்ன உயிர்கள், கணவாய் ஓடு, நான்கு மூலையிலும் கொம்பு நீட்டிய திருக்கை வகை மீனின் கறுத்த முட்டைப்பை எல்லாம் கிடைக்கலாம். பார்த்துவிட்டுப் பாசியைத் திரும்ப மூடிவிடுங்கள்.

எந்தக் கரைக்குப் போவது என்றால், சேறும் மணலும் அகலமாக விரிந்த இடமாகத் தேடுங்கள். நெதர்லாந்து, ஜெர்மனி, டென்மார்க் மூன்றையும் ஒட்டிய வாடன் கடல் அந்த வகையில் பெரியது. அதன் நெதர்லாந்து, ஜெர்மனிப் பகுதி 2009இலும் டென்மார்க் பகுதி 2014இலும் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தன. கோடியக்கரையும் அந்த வகைதான். பறவையை விடப் பெரியதாகப் பார்க்க வேண்டும் என்றால், இங்கிலாந்தின் டானா நூக் கரைக்கு நவம்பர், டிசம்பரில் சாம்பல் சீல்கள் குட்டி போட வரும். ஆனால் சேற்றுப் பரப்பில் தனியாக வெகுதூரம் உள்ளே போகாதீர்கள். கால் புதையும், ஏற்றம் முதுகுக்குப் பின்னால் இருக்கும் ஓடை வழியாகவும் நுழைந்து வழியை அடைத்துவிடும்.

பைனாகுலர் ஒன்று கட்டாயம் வேண்டும், கூடவே ஒரு மெல்லிய துணியும். போன முறை மணலில் அரைமணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். சேண்டர்லிங் கூட்டம் என் கால்மாட்டைத் தாண்டியே ஓடியது. அதில் ஒன்றின் காலில் ஒரு சிறு பச்சைப் பட்டை. ஆய்வாளர்கள் மாட்டுவது, நிறத்தையும் அதில் உள்ள எழுத்தையும் தெரிவித்தால் அந்தப் பறவையை எங்கே, எப்போது பிடித்துப் பட்டை கட்டினார்கள் என்று சொல்லிவிடுவார்கள். அவசரமாகப் பைனாகுலரைத் தூக்கினேன். கண்ணாடி முழுக்க உப்புத் திவலை. சட்டை நுனியால் துடைத்தேன், அது இன்னும் மோசமாக அப்பியது. முதல் எழுத்து ‘இ’ என்றுதான் நினைக்கிறேன், ‘எஃப்’ஆகவும் இருக்கலாம்.